கூனல்மலை ஏறிய நரி

கூனல்மலை அடிவாரத்தில் ஒரு நரி இருந்தது. ஒருநாள் அது தனியாக மலையேறப் போனது. பாதி வழியில் செங்குத்தான பாறை ஒன்று வந்தது. அண்ணாந்து பார்த்ததுமே தலை சுற்றியது. அப்படியே திரும்பி வந்துவிட்டது.

"உச்சி எப்படி இருந்தது?" என்று முள்ளம்பன்றி கேட்டது.

உண்மையைச் சொல்ல நரிக்கு வெட்கம். "ஆகா! அங்கே பெரிய ஏரி இருக்கிறது! தண்ணீர் கற்கண்டாய் இனிக்கிறது!" என்றது.

அன்றிலிருந்து நரிக்கு ஏக மரியாதை. புற்றின் மேல் ஏறும் அணிலைக்கூட நிறுத்தி, "மூச்சை மூக்கால் விடு! காலை அகட்டி வை!" என்று பாடம் நடத்தியது.

கோடை வந்தது. குளம் வற்றி, சேறும் வெடித்தது. புள்ளிமான் தன் குட்டியோடு நரியைத் தேடி வந்தது.

"நரியண்ணா, நேற்றிலிருந்து என் குட்டி சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. அந்த ஏரிக்கு எங்களைக் கூட்டிப் போங்கள்!"

நரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எனக்கு... இன்று கால் சுளுக்கு!"

"எந்தக் கால்?" என்றது பக்கத்தில் நின்ற முள்ளம்பன்றி.

நரி முன்னங்காலைக் காட்டியது. பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று பின்னங்காலையும் காட்டியது.

"நாலும் சுளுக்குவதற்குள் கிளம்பலாம், வா!"

வேறு வழியில்லை. நால்வரும் ஏறினார்கள். பத்தடிக்கு ஒருமுறை நரி நின்றது. "காட்சியை ரசிக்காமல் ஏறக்கூடாது!" என்றது.

"ரசிப்பதற்கு நாக்கு எதற்குத் தொங்குகிறது?" என்றது முள்ளம்பன்றி.

செங்குத்துப் பாறை வந்தது. குட்டி மடங்கிப் படுத்துவிட்டது. "இன்னும் எவ்வளவு தூரம், மாமா?"

அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல நரிக்கு வாய் வரவில்லை.

"தெரியாதம்மா. நான் இங்கேயே திரும்பிவிட்டேன். ஏரியை நான் பார்க்கவே இல்லை."

மானின் கண் கலங்கியது. "முன்பே சொல்லியிருந்தால் ஆற்றுப் பக்கமாவது போயிருப்போமே!"

நரி தலைகுனிந்தது. "நிழலில் இருங்கள். நான் போய்ப் பார்த்து வருகிறேன்."

பாறையில் இரண்டு முறை சறுக்கியது. ஆனாலும் ஏறியது. உச்சியில் ஏரி இல்லை. வெறும் புல்லும் காற்றும்தான். ஏமாற்றத்தோடு உட்கார்ந்த நரியின் மூக்கில் ஈரமண் வாசம் பட்டது. மறுபக்கச் சரிவில் மரங்கள் அடர்ந்திருந்தன. இறங்கிப் போய்ப் பார்த்தது. பாறை இடுக்கில் ஒரு சுனை!

பாறையைச் சுற்றி எளிதான தடம் ஒன்றைக் கண்டுபிடித்து நரி ஓடி வந்தது. "ஏரி இல்லை! சின்னச் சுனைதான்! ஆனால் தண்ணீர் இருக்கிறது!"

"நிஜமாகவா?" என்றது முள்ளம்பன்றி.

"மீசையைத் தொட்டுப் பார்!"

மீசை நனைந்திருந்தது. எல்லோரும் சுனைக்குப் போனார்கள். குட்டி வயிறு உப்பும்வரை குடித்தது.

அதன்பிறகு உச்சியைப் பற்றி யார் கேட்டாலும், "காற்று பலமாக அடித்தது. எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது" என்றே நரி சொன்னது. அந்தக் கதையைத்தான் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

ஏறாத உச்சியைப் பற்றிப் பெருமை பேசுவதைவிட, நின்றுபோன இடத்தை ஒப்புக்கொண்டு அங்கிருந்து ஓர் அடி ஏறுவதே மேல்.