அம்மா கடைசி

அந்தச் சிறப்புப் பள்ளியில் ஹசீனா டீச்சருக்கு முப்பத்து நான்கு வயது. அவரிடம் வேலை கற்றுக்கொள்ள வந்த சங்கரபாண்டியனுக்கு அறுபது. முப்பத்தோரு வருடம் கோவில்பட்டி பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். சும்மா இருக்கப் பிடிக்காமல் வந்தார்.

சுடர் என்ற ஒன்பது வயதுப் பெண்ணை டீச்சர் அவரிடம் ஒப்படைத்தார். ஆட்டிசம் உள்ள குழந்தை. காலையில் அம்மா விட்டுவிட்டுப் போனதும் வாசல் கேட்டுக்கு ஓடுவாள்.

"அம்மா வந்தாச்சா?"

"நாலு மணிக்கு வருவாங்கம்மா."

இரண்டு நிமிடத்தில் மறுபடியும் கேட்பாள். மதியத்துக்குள் அழுகை வந்துவிடும். கேட்டுக் கம்பியில் நெற்றியை இடித்துக்கொள்வாள்.

மணி பார்க்கத் தெரியாததுதான் காரணம் என்று சங்கரபாண்டியன் நினைத்தார். சொல்லிக் கொடுத்தார். பன்னிரண்டே நாளில் கற்றுக்கொண்டாள். "பத்து பதினேழு" என்று பிழையில்லாமல் படித்தாள். படித்துவிட்டுக் கேட்டுக்கு ஓடினாள்.

அவர் டீச்சரிடம் போனார். "மணி சரியா சொல்றா. நாலு மணிக்கு அம்மா வருவாங்கன்னும் சொல்றா. அப்புறம் ஏன் டீச்சர் பத்து மணிக்கே போய் நிக்கிறா?"

டீச்சர் கிரேயான்களை எடுத்தார். ஆறு அட்டைகளில் படம் வரைந்து சுவரில் வரிசையாக மாட்டினார். பாசிமணி கோர்ப்பது, சோறு, படம் வரைவது, ஊஞ்சல், கை கழுவுவது. கடைசி அட்டையில் அம்மா. ஒவ்வொன்றும் முடிந்ததும் சுடர் அந்த அட்டையைத் திருப்பி வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஒரு வாரத்தில் அவள் கேட்டுக்கு ஓடுவது நின்றது. "அம்மா கடைசி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பாசி கோர்த்தாள்.

சங்கரபாண்டியனுக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஒன்றும் விளங்கவில்லை. கடிகாரம் செய்யாததை அட்டை எப்படிச் செய்தது?

ஒரு வியாழக்கிழமை மூன்று இருபத்தைந்துக்கு சுடரின் அம்மா கலைவாணி ஆட்டோவில் வந்து இறங்கினாள். மூச்சு வாங்கியது.

"அவருக்கு டிக்கெட்டை இன்னிக்கு ராத்திரிக்கு மாத்திட்டாங்க டீச்சர். ஏஜென்ட் ஆபீஸ்ல பாஸ்போர்ட்டை வாங்கிட்டு நேரா பஸ் ஸ்டாண்டுக்கு வர்றார். நாலு மணி மதுரை வண்டி. மஸ்கட் போனா இனி ரெண்டு வருஷம். இவளைப் பாத்துட்டுத்தான் ஏறணும்னு சொல்றார்."

அந்த வண்டி நாலுக்கு மேல் ஒரு நிமிடம் கூட நிற்காது என்பது சங்கரபாண்டியனுக்குத் தெரியும்.

சுடர் படம் வரைந்துகொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்தாள். காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் புகுந்தாள்.

"அம்மா கடைசி. அம்மா கடைசி."

"சுடர், அம்மாடி. அப்பா காத்திருக்காங்க."

அலறல் பெரிதானது. சங்கரபாண்டியன் அவளைத் தூக்கப் பார்த்தார். அவர் கையைக் கடித்தாள்.

"தினமும் எனக்காக அழுதவ டீச்சர்," என்றாள் கலைவாணி. "இப்ப நான் வந்தா ஏன் பயப்படுறா?"

"நீங்க கேட்டுக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்க. அவ கண்ணுல படாம."

"பெத்தவ நான் வெளிய போகணுமா?"

"போங்கம்மா."

கலைவாணி கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

டீச்சர் தரையில் உட்கார்ந்து, படத்தை மேசைக்கு அடியில் நகர்த்தினார். கூடவே ஒரு மஞ்சள் கிரேயான். அலறல் மெல்ல அடங்கியது. ஒரு கை நீண்டு சூரியனுக்கு வண்ணம் தீட்டியது.

"படம் முடிஞ்சது," என்றார் டீச்சர்.

சுடர் வெளியே வந்து அட்டையைத் திருப்பினாள். ஊஞ்சலுக்கு நடந்தாள்.

சங்கரபாண்டியன் தவித்தார். "டீச்சர், ஊஞ்சல் அரை மணி நேரம். வண்டி போயிரும்."

டீச்சர் சுடரை ஊஞ்சலில் உட்கார வைத்தார். ஊஞ்சலைத் தள்ளிக்கொண்டே எண்ணினார். சுடரும் சேர்ந்து எண்ணினாள். பத்து வந்ததும் டீச்சர் ஊஞ்சலைப் பிடித்து நிறுத்தினார்.

"ஊஞ்சல் முடிஞ்சது."

இப்போது அலறுவாள் என்று சங்கரபாண்டியன் காத்திருந்தார். அவள் இறங்கிப் போய் அட்டையைத் திருப்பினாள். கை கழுவினாள். அதையும் திருப்பினாள். பையை மாட்டிக்கொண்டு கேட்டுக்குப் போனாள்.

"அம்மா வந்தாச்சு," என்றாள். கலைவாணியின் விரலைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். அப்போது மணி மூன்று நாற்பது.

பள்ளியைப் பூட்டும் நேரத்தில் கலைவாணி போன் செய்தாள். வண்டி கிளம்பும்வரை சுடர் அப்பாவின் மடியில் உட்கார்ந்திருந்தாளாம்.

சங்கரபாண்டியன் கடிபட்ட கையைத் தடவிக்கொண்டு நின்றார்.

"எனக்குப் புரியல டீச்சர். நாலு மணிக்கு முன்னாடி அம்மாகிட்ட போகச் சொன்னா கத்துறா. தினமும் அரை மணி நேரம் ஆடுற ஊஞ்சலைப் பத்து ஆட்டத்துல நிறுத்தினா பேசாம இறங்குறா. குறைஞ்சது அவளுக்குத் தெரியலையா?"

"என்ன குறைஞ்சது சார்?"

"அரை மணி நேரம்."

"அது உங்க கடிகாரத்துல இருந்தது சார். அவ அட்டையில இருந்தது ஊஞ்சல். அதை முழுசா ஆடிட்டுத்தான் போனா."