எந்த டயர் நல்லாப் பிடிக்கும்?

"மாஸ்டர், எந்த டயர் நல்லாப் பிடிக்கும்?"

சிவக்கொழுந்து தோளுக்கு ஒன்றாக இரண்டு டயரை மாட்டிக்கொண்டு நின்றார். மாலை போட்ட உற்சவர் மாதிரி இருந்தது.

எஸ்தர் மாஸ்டர் பாறைமேல் உட்கார்ந்து கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தார்.

"எதைப் பிடிக்கணும்ணா?"

"பாறையைத்தான் மாஸ்டர்."

"பாறை எங்கயாச்சும் ஓடிப்போவுதா?"

கேட்டுவிட்டு இன்னொரு கடி கடித்தார். அவ்வளவுதான் பதில்.

எஸ்தர் மாஸ்டருக்கு வயது இருபத்தேழு. ஊருக்குள் பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். சிவக்கொழுந்துக்கு நாற்பது தாண்டிவிட்டது, முன்வழுக்கை வேறு. அதனால் குரு சீடரை 'அண்ணா' என்பார், சீடர் குருவை 'மாஸ்டர்' என்பார். இருவருக்கும் இதில் ஒரு சங்கடமும் கிடையாது.

சனி ஞாயிறு காலைகளில் மாஸ்டர் சட்டிக்கரடு என்கிற பாறைக் குன்றில் ஒற்றைச் சக்கர சைக்கிள் கற்றுக்கொடுப்பார். ரோட்டில் ஓட்டுகிற வித்தை இல்லை. சக்கரத்தின்மேல் நின்றபடியே பாறைக்குப் பாறை தத்தித் தத்தி ஏறுகிற வித்தை. பிடித்துக்கொள்ள ஹேண்டில்பார் கிடையாது. மனிதனுக்கும் மலைக்கும் நடுவே ஒரு டயரும் அதற்குள் கொஞ்சம் காற்றும்தான்.

கீழே மாடு மேய்க்கிறவர் நிமிர்ந்து பார்த்து, "இன்னொரு சக்கரம் வாங்க வக்கில்லையாப்பா?" என்று கேட்பார். நியாயமான கேள்விதான்.

கரட்டின் பாதி உயரத்தில் அக்கா பாறை. அதற்கு எதிரே தங்கச்சி பாறை. நடுவே ஓர் எருமை படுக்கிற அளவுக்கு இடைவெளி, கீழே மணல். அக்காவிலிருந்து தங்கச்சிக்குத் தாவினவர்கள் மாஸ்டரோடு உச்சிக்குப் போவார்கள். தாவாதவர் ஒருவர்தான். அவர் கீழே உட்கார்ந்து எல்லோருடைய பையையும் பார்த்துக்கொள்வார்.

"குரங்கு வருமில்ல, யாராச்சும் ஒருத்தர் இருக்கணும்" என்று தானாகவே ஏற்றுக்கொண்ட உத்தியோகம் அது. ஒரு வருஷமாகிறது.

உச்சியிலிருந்து அவர்கள் சிரிப்பது கேட்கும். என்னத்துக்குச் சிரிக்கிறார்கள் என்று மட்டும் தெரியாது. சிவக்கொழுந்து பையை மடியில் வைத்துக்கொண்டு மேலேயே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஐப்பசி மழை இறங்கிவிட்டால் பாறையில் பாசி பிடித்துவிடும். அப்புறம் தை பிறந்தால்தான் கரடு. இன்னும் இரண்டே ஞாயிறுதான் மிச்சம்.

தாவுவதானால் அதற்குள் ஒரு டயரை முடிவு செய்தாக வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்ப்பதில் சிவக்கொழுந்து மன்னன். ஃபிரிட்ஜ் வாங்க ஒரு கோடை முழுக்க யோசித்தார். அந்தக் கோடையில் வீட்டில் மோர் சூடாகத்தான் இருந்தது. ஒருவழியாக வாங்கிய பிறகாவது விட்டாரா என்றால் இல்லை. வாங்காத ஃபிரிட்ஜைக் கடைக்குப் போய் அவ்வப்போது பார்த்துவிட்டு வருவார்.

"இவருக்கு அது சின்னவீடு" என்பாள் அவர் மனைவி செண்பகம்.

இப்போது இரண்டு டயர். பருத்து, சுவர் தடித்து, மெத்தென்று இருப்பதற்குத் 'தடியன்' என்று பெயர் வைத்திருந்தார். கொஞ்சம் ஒல்லி, ஆனால் உடம்பெல்லாம் ரப்பர் முண்டு முண்டாக இருப்பது 'முள்ளன்'. பெருவிரலால் அமுக்கிப் பார்த்தார். ஈரத் தரையில் இழுத்துப் பார்த்தார். மோந்துகூடப் பார்த்தார். பத்துப் பொருத்தம் பார்க்கிற ஜோசியர்கூட இத்தனை பார்ப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி மாஸ்டர் முன்னால் வந்து நின்றார்.

"தடியன் மாட்டினா தாங்கு தாங்குன்னு தாங்குது. முள்ளன் மாட்டினா பாறையைக் கவ்வுது. ரெண்டுமே நல்லாத்தான் பிடிக்குது மாஸ்டர்."

"அப்புறம் என்னண்ணா?"

"எது கூடக் கொஞ்சம் பிடிக்குதுன்னு தெரியணுமே."

எஸ்தர் மாஸ்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க கூழு ஃபேக்டரியில ருசி பாக்கறவர்தானே?"

"ஆமா மாஸ்டர். மாங்கூழு. போன சீசன்ல அடைச்ச டின்னைத்தான் இப்ப உடைச்சுப் பாத்துக்கிட்டிருக்கோம்."

"நல்லது கெட்டது எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

தன் தொழிலைப் பற்றி ஒருவர் கேட்டுவிட்டால் யாருக்குத்தான் வாய் ஊறாது? சிவக்கொழுந்து டயர்களைக் கீழே வைத்தார்.

"வாயில வெச்ச உடனே எல்லாமே இனிக்கும் மாஸ்டர். அதை நம்பவே கூடாது. துப்பிட்டு சும்மா இருக்கணும். நாக்கை விட்டுப் போறப்ப ஒண்ணு சொல்லிட்டுப் போவும் பாருங்க, அதுலதான் குட்டு வெளிய வரும். புளிச்சுதா, கசந்துதா, டின்னு வாசம் அடிச்சுதா, எல்லாம் அப்பத்தான்."

"அப்படியா!" என்றார் மாஸ்டர். நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "எனக்கு இது தெரியாது பாருங்க."

எழுந்து பின்பக்கத் தூசியைத் தட்டிக்கொண்டு, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

பட்டுக்கோட்டைக்கு வழி கேட்டால் கொட்டைப்பாக்குக்கு விலை சொல்வார்கள் என்பார்கள். இங்கே அந்த விலையையும் இவர்தான் சொல்லியிருந்தார். சிவக்கொழுந்துக்குக் கோபம் வந்தது. அன்றும் பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றும் மேலே சிரித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை ஃபேக்டரியில் ஒரு டின்னை உடைத்தார்கள். சிவக்கொழுந்து ஒரு ஸ்பூன் எடுத்து நாக்கில் வைத்தார். இனித்தது. துப்பினார். சும்மா இருந்தார்.

சும்மா இருந்தவர், ஸ்பூனைப் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு நேரே பள்ளிக்கூட மைதானத்துக்குப் போய் நின்றார்.

"மாஸ்டர்! நான் பிடிக்கிறதை மட்டும்தான் பாத்தேன். விடறதைப் பாக்கவே இல்லை!"

கோகோ ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். மாஸ்டர் வாயிலிருந்த விசிலை எடுத்தார்.

"எப்படி விடுது?"

"தெரியலையே."

"ஏன் தெரியலை?"

சிவக்கொழுந்து தன் முழங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

ஒரு வருஷத்தில் அவர் ஒருதடவைகூட விழுந்ததில்லை. அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்வார். மற்றவர்களுக்கு முழங்கையெல்லாம் தழும்பு. இவருக்கு ஒரு கீறல் கிடையாது. டயர் வழுக்குமோ என்று தோன்றும்போதே கால் தரைக்கு வந்துவிடும்.

"முன்னாடியே எறங்கிருவேன் மாஸ்டர்."

"அப்ப அது என்ன சொல்லிட்டுப் போவும்னு யாருக்குத் தெரியும்?"

விசில் மறுபடி வாய்க்குப் போனது.

புதன்கிழமை லீவு போட்டார். விடிந்ததும் கரட்டுக்குப் போய், முட்டியளவு உயரத்தில் சாய்ந்து கிடந்த ஒரு பாறையைத் தேர்ந்தெடுத்தார். அதையும் நாலைந்து பாறைகளோடு ஒப்பிட்ட பிறகுதான்.

முதலில் தடியன். சரிவில் ஏறி நின்று, இறங்கத் துடித்த காலை மிதியிலேயே அழுத்தி வைத்துக்கொண்டார். பயமாக இருந்தது. சின்னப் பிள்ளைக்கு இருட்டு பயமாக இருக்குமே, அப்படி. டயர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. பிடித்துக்கொண்டே இருந்தது. அடுத்த நொடி அவர் மணலில் கிடந்தார்.

எழுந்து உட்கார்ந்தபோது எதிரே எஸ்தர் மாஸ்டர் தன் ஒற்றைச் சக்கரத்தோடு நின்றுகொண்டிருந்தார். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் எட்டிப் பார்க்க வந்தவர்.

"என்ன சொல்லிச்சு?"

"ஒண்ணுமே சொல்லலை மாஸ்டர்! கடைசிவரைக்கும் உசுரா இருந்துச்சு. திடீர்னு ஆளையே காணோம்."

முழங்கையில் ரத்தம். அவர் அதைப் பார்க்கவில்லை. முள்ளனை மாட்டி, காற்று அடித்து, ஏறி நின்று, விழுந்தார்.

"இது?"

"இது முனகுது மாஸ்டர். போறேன் போறேன்னு சொல்லிக்கிட்டே கொஞ்சம் கொஞ்சமாப் போவுது. இருங்க, இன்னொருக்கா பாத்துடறேன்."

இன்னொருக்கா பார்த்தார். வலது பக்கம் சாய்ந்து பார்த்தார். பின்பக்கமாகப் பார்த்தார். பிறகு தடியனை மறுபடி மாட்டிக் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டுப் பார்த்தார்.

"மாஸ்டர், மாஸ்டர்! காத்தை எறக்கினா தடியனும் பேசுது!"

"இன்னும் எறக்குங்க."

இறக்கினார். தடியன் பக்கவாட்டில் மடங்கி, அவரை ஒரு வேலமரத்தடியில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

"ரொம்ப எறக்கினா உளறுது" என்றார், அங்கிருந்தபடியே.

பிறகு தலையிலிருந்து மண்ணைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

"உங்க டயர் எப்படி மாஸ்டர் விடும்?"

எஸ்தர் மாஸ்டர் தன் சைக்கிளைத் திருப்பி டயரைத் தடவிப் பார்த்தார்.

"என்னுது எப்பவும் இடது பக்கமாத்தான் போவும்ணா. ஏன்னு இதுவரைக்கும் நான் பாத்ததில்லை."

"பாத்துடலாமா?"

மாஸ்டர் சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினார்.

குருவும் சீடரும் மாறி மாறி விழுந்தார்கள். ஒருவர் விழ, மற்றவர் குனிந்து டயர் போன தடத்தைப் பார்த்தார். "முன்னாடி சத்தம் வந்துச்சா?" "வரலை, நடுங்கிச்சு." "எங்க, திருப்பி விழுங்க." இப்படியே போனது பேச்சு. மாடு மேய்க்கிறவர் வந்து கம்பை ஊன்றி நின்றார்.

"இதுக்குத்தான் அப்பவே சொன்னேன்" என்றார்.

அன்று மாஸ்டர் பள்ளிக்கூடத்துக்கு லேட்டு.

கடைசி ஞாயிற்றுக்கிழமை வானம் கறுத்துக்கொண்டு நின்றது. எல்லோரும் சீக்கிரமே வந்துவிட்டார்கள்.

"எந்த டயர்ணா?" என்று கேட்டார் மாஸ்டர்.

"முள்ளன்தான் மாஸ்டர். முடிவு பண்ணிட்டேன். சொல்லிட்டு விடறான், நம்பலாம்."

"பை ஏன் இவ்ளோ பெருசா இருக்கு?"

சிவக்கொழுந்து நெளிந்தார்.

"தடியனும் உள்ள இருக்கான். எதுக்கும் இருக்கட்டுமேன்னு."

மாஸ்டர் கொய்யாப்பழத்தைத் துடைத்து ஒரு கடி கடித்தார்.

பைகளையெல்லாம் அக்கா பாறையின் அடியில் வைத்தார்கள். ஒருவர் பின் ஒருவராகத் தாவினார்கள். மாஸ்டரும் தாவி, அந்தப் பக்கம் போய் நின்று திரும்பினார். அக்கா பாறைமேல் மிச்சம் சிவக்கொழுந்து ஒருவர்தான்.

முள்ளன்மேல் நின்று தத்தினார். ஒரு தத்து, இன்னொரு தத்து. விளிம்புக்கு வந்தார். எருமை படுக்கிற இடம் இன்று யானை படுக்கிற இடமாகத் தெரிந்தது. தத்திக்கொண்டே நின்றார். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அப்படியே தத்தியிருப்பார். இந்தத் தூரத்துக்கு முள்ளன் சரிதானா? தடியனாக இருந்தால் இறங்கும்போது தாங்குமே? இப்போதுகூட ஒன்றும் கெட்டுப்போகவில்லை, கீழே போய் மாட்டிக்கொண்டு வந்துவிட்டால்...

கீழே ஜிப் திறக்கிற சத்தம் கேட்டது.

"மாஸ்டர், குரங்கு!"

"எங்க?"

"என் பையில! தடியனை வெளிய எடுக்குது!"

குரங்கு டயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. அமுக்கியது. மோந்தது. பிறகு தலைவழியே கழுத்தில் மாட்டிக்கொண்டது. பொருத்தமாகத்தான் இருந்தது.

"மாட்டிக்கிச்சு மாஸ்டர்! எடுத்துக்கிட்டுப் போவுது! அதோ போவுது!"

மாஸ்டர் வாயிலிருந்த கொய்யாவை மென்று விழுங்கினார்.

"விடுங்கண்ணா."

காலடியில் முள்ளன் மெல்ல முனகியது.

சிவக்கொழுந்து விட்டார்.

தங்கச்சி பாறைமேல் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவர்கள் நடுவே, ஒற்றைச் சக்கரத்தின்மேல் தத்தியபடி நின்ற சிவக்கொழுந்துக்கு, என்னத்துக்குச் சிரிக்கிறார்கள் என்று தெரிந்திருந்தது.