நாள் முழுக்கக் கசியும் மருந்து

மருந்தியல் ஆய்வுக்கூடத்தில் அமலதாஸ் கடுகிலும் சிறிய உருண்டைகளைச் செய்து முடித்திருந்தான். பாலிமர் கூடு, உள்ளே இரத்த அழுத்த மருந்து. காலையில் ஒரு கேப்ஸ்யூல் விழுங்கினால் இரவுவரை கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும்.

"நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்க உங்கள் கையெழுத்துதான் பாக்கி, மேடம்."

அது விழுந்தால் டாக்டர் பட்டம். விழாவிட்டால் திரும்பவும் முதலிலிருந்து.

பேராசிரியர் மரகதவல்லி மருந்து கசிந்த அளவைக் காட்டும் வரைபடத்தைப் பார்த்தார். கோடு சீராக ஏறியிருந்தது.

"கூடு உடைந்தால்?"

"உடையாது மேடம்."

"உடைந்தால் என்னப்பா ஆகும்?"

"ஒரு நாள் மருந்து மொத்தமும் ஒரேயடியாக இறங்கும். அழுத்தம் விழுந்து ஆளே போய்விடலாம். ஆனால் உடையாது. அமிலத்தில் போட்டுக் கலக்கு கலக்கென்று கலக்கிவிட்டேன்."

அவர் பேனாவை எடுக்கவில்லை. மருந்து சேர்க்காத வெற்று உருண்டைகள் அடைத்த கேப்ஸ்யூல் ஒன்றை எடுத்துக்கொண்டு, பக்கத்திலிருந்த அரசு மருத்துவமனைக்கு நடந்தார். அவனும் பின்னால் போனான்.

சிபாரிசுக்கு ஆளில்லாத ஏழைகள் படுக்கும் வார்டு அது. வாதமடித்துக் கிடந்த ஒருவரின் தலைமாட்டில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். மரகதவல்லி கேப்ஸ்யூலை அவளிடம் நீட்டினார்.

"அம்மா, இதுல மருந்து இல்ல. அவருக்குக் கொடுக்க வேணாம். கொடுக்கிறதா இருந்தா எப்படிக் கொடுப்பீங்க, செஞ்சு மட்டும் காட்டுங்க."

"இதென்ன கேள்வி டாக்டரம்மா? மனுசன் முழுசா எங்க முழுங்குறாரு? புரையேறி உசுரை வாங்கிடும்."

பேசியபடியே அவள் கேப்ஸ்யூலைத் திருகித் திறந்தாள். உருண்டைகளை ஒரு ஸ்பூனில் கொட்டி, இன்னொரு ஸ்பூனின் முதுகால் நறநறவென்று நசுக்கினாள்.

"இப்புடி மாவாக்கி, தண்ணி விட்டு ஊத்திருவேன். எந்த மாத்திரை வந்தாலும் இதே பூசைதான்."

அமலதாஸின் முகம் வெளுத்தது. வராந்தாவுக்கு வந்ததும் கோபத்தோடு சொன்னான்.

"இது அந்தம்மா தப்பு மேடம். நசுக்கக் கூடாதென்று அட்டையிலேயே அச்சடித்துவிடலாம்."

"எந்த மொழியில்?"

"இங்கிலீஷில். அதுதானே வழக்கம்."

அவர் வாசலை நோக்கி நடந்தார்.

"அப்போ கையெழுத்து, மேடம்?"

"என்னிடம் எதற்குக் கேட்கிறாய்? உள்ளே போய் அந்த ஸ்பூனிடம் வாங்கி வா."