உடையாத யானை

எங்க கரட்டுமேட்டுப்பட்டிக்காரய்ங்களுக்கு மூளை கிடையாதுன்னு சுத்துப்பட்டு ஊருல பேசிக்கிறாய்ங்க. அபாண்டம். மூளை இருக்கு. எடுத்துப் புழங்கினா தேஞ்சு போகுமேன்னு பத்திரமா வச்சிருக்கோம், அம்புட்டுத்தான்.

அதுலயும் ரொம்பப் பத்திரமா வச்சிருக்கிறவன் சுருளிவேலு. ஒருநா, தேனியில கட்டிக்குடுத்த அவன் அக்கா பவுனுத்தாயி போன் பண்ணுச்சு.

"தம்பி, ஞாயித்துக்கெழம கோயில்ல வச்சு பாப்பாவுக்கு மொட்டை போட்டுக் காது குத்துறோம். தாய்மாமன் நீதான் பொம்ம வாங்கியாரணும். போன தடவ நீ குடுத்த கிலுகிலுப்ப அரை மணி நேரத்துல உடஞ்சு, உள்ள கெடந்த மணியப் பிள்ள வாயில போட்டுக்கிருச்சு. விரல விட்டுத் தோண்டி எடுத்தேன். இந்தத் தடவ உடையக் கூடாது. வாய்க்குள்ள போகக் கூடாது. வயசுக்கு ஏத்ததா இருக்கணும். ஒண்ணு தப்புனாலும் உன் மடியில பிள்ளைய உக்கார வைக்க மாட்டேன். சித்தப்பா மவன் சின்னமாயன் மடி சும்மாத்தான் கெடக்கு."

காதுகுத்துக்கு மடி குடுக்காத தாய்மாமன் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஊருக்குள்ள நடக்குறது? சுருளிவேலு, கூட்டாளிக மாயழகையும் ஒச்சுவையும் இழுத்துக்கிட்டு டவுனுக்கு பஸ் ஏறிட்டான். மாயழகு நாலாப்பு வரைக்கும் படிச்சவன். ஒச்சு அவனுக்குப் பக்கத்துல உக்காந்திருந்தவன்.

பொம்மக் கடைக்காரரு ஒரு காரை எடுத்து நீட்டினாரு. "கீழ போட்டாலும் உடையாதுண்ணே."

"எம்புட்டுக் கீழ?"ன்னான் சுருளிவேலு.

கடைக்காரருக்கு விளங்கல. ஒச்சுக்கு விளங்கிருச்சு. காரை வாங்கிக்கிட்டு மொட்டமாடிக்கு ஏறிட்டான்.

கார் உடஞ்சுச்சு. அடுத்து ரயிலு, அப்புறம் குரங்கு, சமையல் செட்டு. ஒச்சு மேல இருந்து போடுவான், ரோட்டுல நின்னு மாயழகு "உடஞ்சுச்சு!"ன்னு கத்துவான். தலையில அடிச்சுக்கிட்டு நின்ன கடைக்காரரச் சுருளிவேலுதான் தேத்தினான். "வருத்தப்படாதீங்கண்ணே. தெரியாம வாங்கிட்டுப் போயிருந்தா வீட்டுலல்ல உடஞ்சிருக்கும்?"

அஞ்சாவதா ஒரு ரப்பர் யானை. விழுந்துச்சு, எகிறுச்சு, எதுத்த டீக்கடையில கொதிச்சுக்கிட்டிருந்த பால் சட்டிக்குள்ள போய் உக்காந்துக்கிருச்சு. டீ மாஸ்டரு வஞ்சுக்கிட்டே கரண்டியால தூக்கி எறிஞ்சாரு.

"மாப்ள, வெந்தும் உடையலடா!"ன்னு மாயழகு கத்தினான்.

அடுத்து வாய். எங்க ஊருலயே பெரிய வாய் ஒச்சுவுக்குத்தான். யானைய ஊதி ஆறவச்சு உள்ள தள்ளினான். தலை போயிருச்சு. உடம்பு நின்னுருச்சு.

"போச்சா, போகலயா?"ன்னான் சுருளிவேலு.

"பாதி போச்சு."

"பாதின்னா போனதுல சேத்தியா, போகாததுல சேத்தியா?"

"அக்கா போகக் கூடாதுன்னுதான சொல்லுச்சு. பாதியப் பத்தி ஒண்ணும் சொல்லலயே."

"ஒச்சு, நீ என்னடா சொல்ற?"

ஒச்சுவுக்கு முழி மட்டும் பிதுங்குச்சு.

டீ மாஸ்டரு வந்து பிடரியில ஒண்ணு வச்சாரு. யானை வெளிய வந்து விழுந்துச்சு. ஒச்சு மூச்சு வாங்கிட்டுத் தீர்ப்பு சொன்னான்: "இதவிடப் பெருசா வாங்குவோம்." உடஞ்சதுக்கும் காசக் குடுத்து, எல்லாத்தையும் சாக்குல அள்ளிக்கிட்டு, கன்னுக்குட்டி தண்டிக்கு ஒரு ரப்பர் யானையோட ஊரு வந்து சேந்தாய்ங்க.

ஞாயித்துக்கெழம கோயில்ல அக்கா யானையத் தூணுல மோதிப் பாத்துச்சு. வாய்க்கு நேரா வச்சும் பாத்துச்சு. "பரவால்லயே, உனக்கும் புத்தி வந்துருச்சுடா"ன்னு சொல்லி, சந்தனம் பூசின மொட்டையோட பாப்பாவச் சுருளிவேலு மடியில வச்சுட்டு, கம்மல் எடுத்தார வேனுக்குப் போச்சு.

சுருளிவேலு நெஞ்ச நிமித்தி உக்காந்தான். அப்பத்தான் யானை வயித்துல ஒட்டியிருந்த சீட்ட மாயழகு எழுத்துக்கூட்டிப் படிச்சான்.

"மூ...ணு வய...சுக்கு மேல்."

"அடப்பாவி! பாப்பாவுக்கு ஒரு வயசுதானடா! அக்கா பாத்தா மடி போச்சே!"

மூணு பேரும் கன்னத்துல கைய வச்சு யோசிச்சாய்ங்க. நாலாப்புப் படிப்பு கைகுடுத்துச்சு.

"ஒரு வயசுப் பிள்ள மூணு சேந்தா மூணு வயசு மாப்ள."

கோயில்ல மொட்டைப் பிள்ளைகளுக்கா பஞ்சம்? "தாயி, ரெண்டு வயசு குறையுது, செத்த நேரம் குடுங்க"ன்னு கேட்டு ரெண்ட வாங்கியாந்து மடியில அடுக்கிட்டாய்ங்க.

"அப்பாடா. மூணு ஆச்சு."

"ஆச்சு சரி. மேலன்னுல்ல போட்டிருக்கு? மூணு எப்படிப் பத்தும்?"

"நான் எதுக்குடா இருக்கேன்?"னு முப்பத்தாறு வயசு ஒச்சு ஏறி மடியில உக்காந்துக்கிட்டான்.

காது குத்துற ஆசாரிக்கு அன்னிக்கு அறுபது காது. நிமிந்து பாக்க நேரமில்ல. மடியில எந்தக் காது முன்னால நீட்டிக்கிட்டு இருந்துச்சோ, அதப் பிடிச்சுக் குத்திட்டாரு. ஒச்சு போட்ட சத்தத்துல கோபுரத்துப் புறா பூராம் கெளம்பிருச்சு.

"அழாதடா தங்கம், அம்புட்டுத்தான்"னு குனிஞ்சபடியே சொல்லி மறு காதையும் குத்திட்டு, ஆசாரி அடுத்த மடிக்குப் போயிட்டாரு. சுருளிவேலு யானையத் தூக்கி ஒச்சு கையில குடுத்தான். அழுக நின்னுருச்சு.

கம்மலோட அக்கா ஓடியாந்துச்சு. "அடேய்! என்னடா இது கூத்து?"

சுருளிவேலு விரல மடக்கினான். "உடையல. வாய்க்குள்ள போகல. வயசும் சரிக்கட்டியாச்சு. இனிமே சின்னமாயன் பேச்செடுக்காதக்கா."

"மொதல்ல எம்பிள்ளையக் குடுடா!"

சுருளிவேலு மடியப் பாத்தான். மூணு மொட்டை, மூணு சந்தனம், மூணு அழுகை. திருப்பித் திருப்பிப் பாத்தான். அப்புறம் பெரிய மனசு பண்ணிச் சொன்னான்:

"எதையாச்சும் ஒண்ண எடுத்துக்கக்கா. எல்லாத்துக்கும் ஒரே வயசுதான்."