பட்டாளத்துப் புகையை எண்ணுனவங்க

“அவனுக்கு மட்டும் ஏன் மேடம்?”

கதவைத் தட்டக்கூட இல்ல நான். நேரா உள்ள போய்க் கேட்டேன்.

ரஹ்மத் மேடம் ஆரஞ்சு உரிச்சிட்டு இருந்தாங்க. நிமிந்து பாக்கல.

“எவனுக்கு?”

“எவனுக்காம்! உங்க செல்லப்பிள்ளை சிவநேசனுக்குத்தான்.”

“என்ன கொடுத்தேன்?”

“நாளைக்குக் கர்னல் முன்னாடி நின்னு பேசுறது அவனாம். அறிக்கை அட்டையில அவன் பேராம். நான் எங்க? கடைசிப் பக்கத்துல, நன்றி சொல்ற இடத்துல. முகாம் சமையல்காரருக்குக் கீழ!”

“நல்லா சமைச்சார் அவர்.”

மலைமேல ஒரு பட்டாள முகாம். அது எவ்வளவு புகை விடுதுன்னு எண்ணுறதுதான் மேடம் எங்க ரெண்டு பேருக்கும் கொடுத்த ஆராய்ச்சி. லாரி குடிக்கிற டீசல், ஜெனரேட்டர் குடிக்கிற டீசல், குளிருக்கு எரிக்கிற மண்ணெண்ணெய், மேல போற ஹெலிகாப்டர், எல்லாம்.

எந்தப் பட்டாளம் இதையெல்லாம் வெளியாளுக்குக் காட்டும்? இந்தக் கர்னல் காட்டினார். காட்டும்போதே ஒண்ணு சொன்னார்.

“ஒரு தப்பு இருந்தாலும் உங்க அறிக்கை குப்பைக்குப் போகும். அப்புறம் இந்த கேட் யாருக்கும் திறக்காது.”

அந்த கேட்டுக்குத்தான் மேடம் வருஷக்கணக்கா அலைஞ்சாங்க.

“நான் டேங்கர் லாரியில போனேன் மேடம். ஒவ்வொரு வளைவுலயும் வாந்தி. அவன் எதுல போனான்?”

“ஹெலிகாப்டர்ல.”

“அதுல போட்டோ வேற! கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டு, என்னமோ சண்டைக்குப் போறவன் மாதிரி. புகையை எண்ணப் போனவன் புகை விட்டுக்கிட்டே போயிருக்கான்.”

“அதையும் எண்ணிட்டான்.”

“எண்ணுவான், எண்ணுவான். நல்ல பேர் வாங்கணும்ல!”

மேடம் ஒரு சுளையை வாயில போட்டாங்க. எனக்கு நீட்டல. அவனா இருந்தா நீட்டியிருப்பாங்க.

“அவனை ஏன் பேசச் சொன்னீங்க? அதை மட்டும் சொல்லுங்க.”

“கேட்டான்.”

“கேட்டா போதுமா?”

“நீ கேக்கவே இல்லையே.”

“கேட்டாத்தான் தெரியுமா உங்களுக்கு? கண்ணு இல்ல?”

மேடம் கோவப்படல. அது இன்னும் எரிச்சலா இருந்துச்சு.

“அவன் கணக்குல ஒரு ஓட்டை இருக்கு மேடம்.”

உரிச்ச கை நின்னுச்சு.

“எங்க?”

“சொல்லமாட்டேன்.”

“ஏன்?”

“கர்னலே பிடிக்கட்டும். அந்தாளு டீசல்லயே குளிச்சு வளந்தவர். பாத்த உடனே பிடிப்பார். எல்லார் முன்னாடியும் இவன் முழிக்கணும். கடைசி வரிசையில உக்காந்து நான் பாக்கணும்.”

“அறிக்கை குப்பைக்குப் போயிடுமே.”

“அவன் அறிக்கைதான? போகட்டும்.”

“கேட்டை மூடிடுவாங்களே.”

“மூடட்டும்.”

மேடம் கையைத் துடைச்சாங்க. மேசைமேல இருந்த அறிக்கையை இழுத்தாங்க. அட்டையில சிவநேசன் பேரை ஒரே கோட்டால அடிச்சாங்க. மேல ‘தமயந்தி’ன்னு எழுதினாங்க.

“இந்தா.”

“என்ன மேடம் இது?”

“உன் பேர்தான். நாளைக்கு நீ பேசு.”

“அவன்?”

“கடைசிப் பக்கம். சமையல்காரருக்குக் கீழ.”

என் பேரைத் தடவிப் பாத்தேன். மை காயல, விரல்ல ஒட்டுச்சு. வாசல் வரைக்கும் கால் தரையில படல எனக்கு.

வாசல்ல நின்னுட்டேன்.

“மேடம், அந்த ஓட்டை?”

“எந்த ஓட்டை?”

“இப்பதான சொன்னேன்!”

“அது அவன் கணக்குல இருந்த ஓட்டை. இது உன் கணக்கு.”

அடுத்த சுளையைப் பிச்சாங்க.

சரி, எனக்கென்ன தெரியாதா? வெளிய பெஞ்சுல உக்காந்து நானே திருத்த ஆரம்பிச்சேன்.

தப்பு சின்னதுதான். டேங்கர்ல மேல போன டீசலை ஒரு தடவை எண்ணியிருந்தான். அதே டீசல் ஜெனரேட்டர்ல எரிஞ்சப்போ மறுபடியும் எண்ணியிருந்தான். எரிஞ்சது ஒரு தடவை, புகை ரெண்டு தடவை.

கழிச்சா முடிஞ்சுது.

எவ்வளவு கழிக்கிறது?

ஜெனரேட்டர் டேங்கர் டீசலை மட்டுமா குடிச்சுது? முகாம்ல ஏற்கெனவே பீப்பாய்ல கிடந்த பழைய டீசலையும்தான் குடிச்சுது. எதுல எவ்வளவுன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் டேங்கரோட போய் டேங்கரோட இறங்கினவ. ஜெனரேட்டர் பக்கத்துலயே பாய் போட்டுக் கிடந்தவன் அவன்.

திரும்ப உள்ள போனேன்.

“மேடம், பீப்பாய் டீசல் எவ்வளவு போச்சு?”

“எனக்கெப்படித் தெரியும்? நான் மலைக்கே வரலையே.”

எதிர் ரூம்ல சிவநேசன் காலி நாற்காலிகளுக்குப் பேசிட்டு இருந்தான். நாளைக்கு ஒத்திகையாம். இஸ்திரி போட்ட சட்டை. நல்லாத்தான் பேசினான். அதுதான் வயித்தெரிச்சல்.

“வா தமா!” கத்தினான். ஜெனரேட்டர் பக்கத்துல கிடந்ததுல அவனுக்குக் காது மந்தம். “என்ன, வாழ்த்து சொல்ல வந்தியா?”

அறிக்கையை நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சேன். அட்டை உள்பக்கம்.

“ஜெனரேட்டருக்குப் பீப்பாய் டீசல் எவ்வளவு ஊத்துனாங்க?”

“எதுக்கு?”

“டேங்கர் டீசலை ரெண்டு தடவை எண்ணி வச்சிருக்க.”

சிரிப்பு போச்சு. உதடு மட்டும் ஏதோ கணக்குப் போட்டுச்சு. அப்புறம் முழிச்சான். நான் பாக்கணும்னு தவிச்ச அதே முழி. பாத்தேன். ஒண்ணும் இனிக்கல.

“எப்ப கண்டுபிடிச்ச?”

ஒரு பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு.

“போன வாரம்.”

அவன் கத்தல. கையை நீட்டினான்.

“அறிக்கையைக் கொடு.”

கொடுத்தேன். அட்டையைப் பாத்தான். கோடு போட்டு அடிச்ச அவன் பேர். அதுக்கு மேல என் பேர்.

அவன் வாயைத் திறக்குறதுக்குள்ள பேனாவை நீட்டினேன்.

“உன் பேரை எழுது. எழுதிட்டு பீப்பாயைச் சொல்லு.”

பேனாவை வாங்கினான். அட்டைக்கு மேல அப்படியே பிடிச்சிட்டு நின்னான்.

“எங்க எழுத? மேலயா, கீழயா?”

“பக்கத்துல எழுதித் தொலை.”