இடது பக்கக் கம்ப்யூட்டர்

நாகர்கோவில் பக்கம் ஒரு ரத்த வங்கி. அங்கே கம்ப்யூட்டரில் பதிவு போடும் வேலை ஜெசிந்தாவுக்கு. ரத்தம் கொடுப்பவர்களின் விவரமெல்லாம் பேர்போன ஒரு டேட்டாபேஸ் சாஃப்ட்வேரில் இருந்தது. அந்த வருஷம் அதன் கட்டணம் ஏறிய ஏற்றத்தில், கிராமங்களுக்குப் போகும் முகாம் வண்டியையே நிறுத்தவேண்டிய நிலை வந்துவிட்டது.

“இலவசமாவே ஒண்ணு இருக்கு டாக்டர். நம்ம புரோகிராம் எதையும் மாத்தாம அதுல அப்படியே ஓடும்” என்று தலைமை டாக்டர் தெய்வநாயகத்திடம் சொன்னாள் ஜெசிந்தா.

சாஃப்ட்வேர் விற்கும் கம்பெனியின் ஆலோசகர் ஆராவமுதன் அப்போது அங்கேதான் இருந்தார். விழுந்து விழுந்து சிரித்தார். “ஓசிச் சரக்கு ஓடுமா? தொட்டுப் பார்த்தாலே என் சாஃப்ட்வேர் எதுன்னு சொல்லிடுவேன்!”

“அப்படியா சார்? இந்த ரெண்டு கம்ப்யூட்டர்லயும் நம்ம விவரத்தை ஏத்தி வச்சிருக்கேன். உங்களுது எதுன்னு காட்டுங்க.”

அரிய வகை ரத்தம் உள்ளவர்களை அவர் இரண்டிலும் தேடினார். இரண்டும் ஒரே பெயர்களைக் காட்டின. கொஞ்சம் யோசித்துவிட்டு இடது பக்கத்தைத் தட்டிக்கொடுத்தார். “இந்த வேகம் ஒண்ணு போதுமே! இதுதான் என்னுது. அது நொண்டுது பாருங்க.”

“ரெண்டுமே இலவசம்தான் சார்.”

“ஏமாத்திட்டியேம்மா!”

“உங்களுது எதுன்னுதான் கேட்டேன். இருக்குன்னு சொல்லவே இல்லையே.”

டாக்டர் சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி கழன்று விழுந்தது. பழைய ஒப்பந்தம் அன்றே ரத்தானது, வண்டியும் தப்பியது.

ஆராவமுதன் பையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனார். பிறகு திரும்பி வந்து, டாக்டர் காதில் விழாதபடி ஜெசிந்தாவிடம் கேட்டார்: “ஏம்மா, என் மச்சான் மருந்துக்கடை வச்சிருக்கான். இடது பக்கம் ஓடுதே, அதை அவனுக்கும் போட்டுத் தருவியா?”