உருண்டு வந்த குழவிக்கல்

வேலுத்தாய் மொச்சைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு காயைப் பிதுக்கியபோது உள்ளே பச்சைப் புழு நெளிந்தது. அவ்வளவுதான், முறத்தோடு வீசிவிட்டு எழுந்து நின்றுவிட்டாள். மொச்சை முற்றமெல்லாம் சிதறியது.

கூட உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்த யோகாம்பாள் சிரித்தாள். அவள்தான் அந்த மலையடிவாரக் குடிலுக்குக் குரு. வயதில் வேலுத்தாயைவிட ரொம்பச் சின்னவள். அதனால் சிஷ்யை குருவைச் சாமி என்பாள். குரு சிஷ்யையை அக்கா என்பாள். கேட்கிறவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். அவர்களுக்குப் பழகிவிட்டது.

"புழு போயிருச்சு. உக்காருங்கக்கா."

வேலுத்தாய் உட்காரவில்லை.

"பாத்தீங்கள்ல சாமி? ஒரு புழுவுக்கே இந்தக் கூத்து. என்னை நம்பியா பிள்ளைங்களை ஒப்படைக்கப் போறீங்க?"

தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள் சிலர் அந்தக் குடிலில் வளர்ந்தார்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவள் மகள் வீட்டோடு போய்விட்டாள். இனிமேல் வேலுத்தாய் பார்க்கட்டும் என்று குரு சொல்லியிருந்தாள். அவள் மாட்டேன் என்றால், பிள்ளைகளைப் பிரித்து ஆளுக்கொரு விடுதிக்கு அனுப்ப வேண்டியதுதான். வேறு ஆள் கிடையாது. அதை நினைத்தால் வேலுத்தாய்க்குச் சோறு இறங்கவில்லை. சரி என்று சொல்லவும் வாய் வரவில்லை.

"இடி இடிச்சா பயம். நாய் குரைச்சா பயம். கரண்டு போனா பயம். இத்தனை வருசமா உங்ககூட உக்காந்து கண்ணை மூடுறேன். மூடினாலும் பயமாத்தான் இருக்கு. இந்தப் பயம் எப்பத்தான் சாமி போகும்?"

யோகாம்பாள் சிதறிய மொச்சையைப் பொறுக்கி முறத்தில் போட்டாள்.

"டவுனுக்கு ஒரு படம் வந்திருக்காம். கண்ணாடி மாட்டிப் பாக்கணுமாம். பிள்ளைங்க ஒரே நச்சரிப்பு. வாங்க, மத்தியான ஆட்டத்துக்குப் போவோம்."

"நான் என்ன கேட்டேன், நீங்க என்ன சொல்றீங்க?"

"முகத்தைக் கழுவிட்டு வாங்கக்கா."

தியேட்டரில் வேலுத்தாய்க்கு ஒரு பக்கம் குரு, மறுபக்கம் மித்ரா என்கிற சின்னப் பெண். மற்ற பிள்ளைகள் அதே வரிசையில் வால் மாதிரி நீண்டிருந்தார்கள்.

படத்தின் கதாநாயகன் மாவு அரைத்து விற்கிறவன். அவன் தும்மினால் பக்கத்தில் இருக்கிற சாமானெல்லாம் உப்பிப் பெரிசாகிவிடும். கேட்டபோது அந்தச் சக்தி வராது. வேண்டாத நேரத்தில் வரும். பெண் பார்க்கப் போன வீட்டில் தும்மிவிட்டான். தட்டில் இருந்த ஜிலேபி வீட்டுக் கூரையைத் தூக்கிக்கொண்டு எழும்பியது. பாகு தெருவில் ஆறாக ஓட, பிடிக்க வந்த போலீஸ்காரர்கள் அதில் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். வில்லனோ ஜனங்களின் நிழலைக் கத்தரித்து, போர்வை மாதிரி மடித்து, பீரோவில் அடுக்கிவைக்கிறவன். பூட்டின பீரோவுக்குள் நிழல்கள் இடத்துக்குச் சண்டை போட்டன.

"எப்படித்தான் எடுத்தானுங்களோ!" என்று யோகாம்பாள் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். வேலுத்தாயும் தன்னை மறந்து சிரித்தாள்.

கடைசியில் மாவுக்காரன் பெரிதாக ஒரு தும்மல் போட்டான். ஆட்டுக்கல்லில் கிடந்த குழவி வீங்கிக் கோபுரத்தனை பெரிசானது. சரிந்து, வில்லனைத் துரத்தி, தெருவைத் தாண்டி, திரையையும் தாண்டி, நேரே ஜனங்கள் மேல் உருண்டு வந்தது.

"ஐயோ, கல்லு!"

வேலுத்தாயின் குரல் தியேட்டர் முழுக்கக் கேட்டது.

பின்வரிசையில் ஒருவன், "யக்கா, கல்லு டிக்கெட் எடுக்கலக்கா, உள்ள வராது!" என்றான்.

கொல்லென்று சிரித்தார்கள். மித்ராவும் சிரித்தாள். வேலுத்தாய் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம் அவள் நிமிரவே இல்லை.

குடிலுக்கு வந்ததும் பிள்ளைகள் பாயைச் சுருட்டிக் கல்லாக்கி, உள்ளே உருட்டி விளையாட ஆரம்பித்தார்கள். குருவும் சிஷ்யையும் குழாயடியில் கால் கழுவினார்கள்.

"நீங்களே பாத்துட்டீங்க சாமி. பொய்க் கல்லுன்னு தெரியும். தெரிஞ்சும் கத்தி மானம் போச்சு. வேற ஆளைப் பாருங்க. இல்லாட்டி விடுதிக்கே..."

"அந்தக் கல்லு எம்புட்டுப் பெரிசுக்கா?"

"ஏன், நீங்க பாக்கலையா?"

"எங்க பாக்க விட்டீங்க? உங்க கை என் பிடரியில இருந்துச்சு. என் தலை முழங்கால்ல இருந்துச்சு."

வேலுத்தாய் திடுக்கிட்டாள். "நானா அமுக்கினேன்?"

"மித்ராவைக் கேளுங்க. அவளும் பாக்கலை. அவ தலைமேல உங்க இன்னொரு கை."

வேலுத்தாய் ஈரக் கைகள் இரண்டையும் பார்த்தாள்.

"முகத்துக்கிட்ட வந்துதான் சாமி அது உடைஞ்சுச்சு," என்றாள் மெல்ல. "பொடிப்பொடியா. உள்ளேர்ந்து வெள்ளை வெளேர்னு மாவு கொட்டுச்சு."

"ஓ, உடைஞ்சுச்சா?" என்றாள் குரு.

"ஆனா நடுங்கிட்டேதான் பாத்தேன். இந்தப் பயம் போகவே இல்லையே சாமி."

யோகாம்பாள் பிடரியைத் தடவிக்கொண்டாள். இன்னும் வலித்தது போல.

"போயிட்டா என் தலையை யாருக்கா அமுக்குவா?"

வேலுத்தாய் முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"அதுக்கில்ல சாமி. சினிமா வேற, நெசம் வேற. நாளைக்கு நெசமாவே ஒண்ணு..."

"பெரியம்மா! மித்ராவுக்குப் பல்லு விழுந்துருச்சு, ரத்தமா வருது!" என்று உள்ளேயிருந்து ஒரு பிள்ளை கத்தியது.

"வாயை மூடாதடி, இந்தா வர்றேன்! நெசமாவே ஒண்ணு வந்துச்சுன்னா சாமி, நான் ஒருத்தி எப்படி..." கேள்வியை முடிக்காமலே வேலுத்தாய் உள்ளே ஓடினாள்.